செவ்வாய்க்கிழமை மரக்காணம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு மரக்காணத்தில் இறங்கினேன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஊர் மாறி இறங்கிவிட்டேனோ?

ரோடு இருந்தது. ரோட்டு ஓரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து முந்தின நாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். எட்டு வருஷமாக நான் வந்து போகிற ஊர் இது. இதே இடத்தில் கூட்டத்தில் சிக்கி ஒரு தடவை செருப்பைத் தொலைத்திருக்கிறேன், இன்னொரு தடவை குடையை. இன்றைக்குத் தொலைக்க வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது போலிருந்தது.

புறப்பட இருந்த பஸ்ஸின் படியில் மறுபடி ஏறினேன். "இது மரக்காணம்தானே?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினே?"

"மரக்காணம்."

"அப்ப எறங்கு. ஊரு எங்கயும் ஓடிப் போவல."

இறங்கினேன். பஸ் போய்விட்டது. நானும் அந்த நாயும் பாக்கி.

நாலு மாதம் முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் மரக்காணம் கடைத்தெருவைப் பற்றி ஒரு பாட்டம் புகழ்ந்து எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்துவிட்டுக் கடலூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். ரிட்டையர்டு வாத்தியார் போலிருக்கிறது, கையெழுத்து அப்படி. சென்சஸ் கணக்கை எடுத்துப் பார்த்தாராம். அந்த ஊரின் ஜனத்தொகைக்கும் நான் எழுதின கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். 'சில சின்ன ஊர்களில் கடைத்தெரு மட்டும் ஏன் அத்தனை பெரிதாகத் தெரிகிறது? யோசித்து எழுதவும்' என்று முடித்திருந்தார்.

யோசித்தேன். பதில் தோன்றவில்லை. கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பதில் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

என் அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பிலோமினா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு. அது ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாள். லோயர், ஹையர் இரண்டும் பாஸ். பாண்டிச்சேரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டெம்பரரியாகக் கொஞ்ச நாள் வேலையும் பார்த்தாள். அவள் டைப் அடிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கண் பேப்பரில் இருக்கும், வாய் நம்மோடு பேசும், விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட மடியில் தட்டிக்கொண்டிருப்பாள். கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்தால், ஜெபப் புத்தகத்தின் அட்டையில் அத்தனையையும் அடித்து முடித்துவிடுவாள்.

மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பாவிடம் வாயைத் திறந்து எதுவும் கேட்காதவள், அன்றைக்கு ஒன்று கேட்டாள்.

"மாப்பிள்ளை கறுப்போ செவப்போ, எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஊரு பெருசா இருக்கணும். நான் வேலைக்குப் போவணும்."

இவ்வளவுதான் அவள் போட்ட கண்டிஷன். அப்பாவும் தலையாட்டினார்.

மரக்காணத்து வரன் வந்தது. மாப்பிள்ளை ஆரோக்கியசாமி ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவர். நல்ல குடும்பம், பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள், பிக்கல் பிடுங்கல் இல்லை. ஊர் எப்படி? அது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண்ணின் கூடப்பிறந்தவன் ஒருத்தன் போய் ஊரையும் வீட்டையும் பார்த்துவிட்டு வருவான். கிணறு உப்பா, நல்ல தண்ணியா, பஸ் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரி உண்டா என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். அவன் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் கல்யாணம் நிற்கும் அல்லது நடக்கும்.

எங்கள் வீட்டில் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். ஆபீஸில் சேர்ந்து ஆறு மாதம். லீவு கிடையாது. சனிக்கிழமை அரை நாள். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன்.

என் தலையெழுத்தைப் பாருங்கள் — வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது, எனக்குக் கிடைத்தது சனிக்கிழமை!

அப்பப்பா, என்ன கூட்டம். பஸ் கடைத்தெருவுக்குள் நுழைய முடியாமல் பத்து நிமிஷம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. தெரு முழுக்கத் தலை. தரையில் கருவாடு, பானை, வளையல், முறுக்கு, பிளாஸ்டிக் குடம். அதற்கு மேலே தலைகள். தலைகளுக்கு மேலே போர்டுகள். ஜவுளிக்கடை போர்டு, மெடிக்கல் ஷாப் போர்டு, ரேடியோ ரிப்பேர், வாட்ச் ரிப்பேர், போட்டோ ஸ்டூடியோ, டாக்டர் பெயர் போட்ட போர்டு... அந்த வரிசையில் நீலத்தில் வெள்ளை எழுத்து எழுதிய ஒரு போர்டைப் பார்த்ததும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

'டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்.'

போதாதா? இன்ஸ்டிடியூட்டே இருக்கிற ஊரில் டைப்பிஸ்ட்டுக்கு வேலை இருக்காதா?

ஆரோக்கியசாமி என்னைக் கடைத்தெரு முழுக்க அழைத்துக்கொண்டு போனார். வெள்ளை வேட்டி, ஒடிசலான உடம்பு, அளந்து பேசுகிற மனுஷர். எதிரே வருகிற எல்லோரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். ஊர் ரொம்பப் பெரிசுதான் போலிருக்கிறதே என்றேன்.

"இன்னைக்கு சனிக்கிழமைங்க. அதான் இப்டி" என்றார் அவர்.

வாசகர்களே, அந்த மனுஷர் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றைக்கே, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காது இல்லை. என்ன அடக்கம், என்ன பணிவு, தன் ஊரைப் பற்றிக்கூடப் பெருமை பேசமாட்டேன் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். உப்பளத்தில் வாரக் கூலி சனிக்கிழமை மத்தியானம் கொடுப்பார்களாம். கூலி வாங்கினவர்கள் நேராகக் குட்டைக்குப் போய், கை கால் கழுவி, மூட்டையில் கொண்டுவந்த மாற்றுத் துணியைக் கட்டிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குள் வருவார்களாம். வந்தால் உடனே எதையும் வாங்கமாட்டார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தரம் சும்மா நடப்பார்கள். பிறகு திரும்பி வரும்போதுதான் வாங்குவார்கள். வயிறு காய்ந்தாலும் அப்படித்தானாம்.

"ஒரு தரம் பாக்கறதுக்கு, ஒரு தரம் வாங்கறதுக்குங்க."

கேட்டு ரசித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேனா? ஒவ்வொரு ஆளையும் நான் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன் என்று அர்த்தம். பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் வெறுங்கையோடு போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சைப் புடவை கட்டிய வேறோர் அம்மாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். பச்சைப் புடவைக்கு இந்த ஊரில் நல்ல கிராக்கி போல என்று நினைத்துக்கொண்டவன் நான்.

வீட்டுக்கு வந்ததும், ஊர் எப்படி என்று அப்பா கேட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"பாண்டிச்சேரி தோத்துது போங்க. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டே இருக்குது!"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவள் சிரித்திருப்பாள்.

வைகாசியில் கல்யாணம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்தவளிடம் நான் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி, வேலைக்கு விசாரித்தாயா என்பதுதான். அவள் அதை ஒரு ஜோக் மாதிரி சொன்னாள்.

"போர்டு இருக்குதுடா. அதுக்குக் கீழ பூட்டும் இருக்குது."

திண்டிவனத்துக்காரர் ஒருவர் மூணு மிஷினைக் கொண்டுவந்து போட்டு இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தாராம். கற்றுக்கொள்ள ஆள் வராமல் ஒரே வருஷத்தில் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். போர்டைக் கழற்ற ஏணி வேண்டும், அதற்கு யார் மெனக்கெடுவது என்று விட்டுவிட்டாராம். உள்ளே இப்போது மிளகாய் மூட்டை. டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார். போட்டோ ஸ்டூடியோ சனி, ஞாயிறு. பாதிக் கடைக்காரர்கள் வெளியூர், சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து ராத்திரி போய்விடுகிறவர்கள். உப்பு ஆபீஸில் எல்லாம் பேனாவில் எழுதுகிற கணக்கு, அங்கே டைப்பிஸ்ட் எதற்கு?

சனிக்கிழமைக் கூட்டத்தில் போர்டுதான் தெரியும். கதவு தெரியாது. கதவை மறைத்துக்கொண்டுதான் இருபது பேர் நிற்கிறார்களே!

அப்பாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்றாள். அப்பா, மகளைப் பெரிய ஊரில் கட்டிக்கொடுத்த திருப்தியோடே நாலு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார். பாண்டிச்சேரிக்கு வந்து வேலை பார்க்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, நடுவில் கைக்குழந்தை... அதோடு அந்தப் பேச்சு நின்றது.

எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் மாதம் ஒரு தடவையாவது அவளைப் போய்ப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

எப்போது போவேன்? சனிக்கிழமை மத்தியானம்!

போனால், அக்கா குளித்து முழுகித் தலையில் பூ வைத்திருப்பாள். மொடமொடவென்று புடவை. பிள்ளைகள் இரண்டும் சலவைச் சட்டை. மீன் குழம்பு, வறுவல். சாப்பிட்டு முடித்து எல்லோருமாகக் கடைத்தெருவுக்குக் கிளம்புவோம். ஒரு தரம் பார்க்க, ஒரு தரம் வாங்க. போகிற வழியில் உப்பு வியாபாரியின் கிட்டங்கி வாசலில், மூட்டைகளுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார் மாமா, அதாவது ஆரோக்கியசாமி. கூலி வாங்கக் கடைசியாக நிற்கிறவர்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கையில் பேரேடு திறந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்கவே மாட்டார். அத்தனை பெயரும் மனப்பாடம். என்ன ஞாபகசக்தி என்று வியந்திருக்கிறேன். அவர் வீடு திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், பூசைக் கூட்டத்தோடேயே நான் பஸ் ஏறிவிடுவேன்.

ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய் என்று ஒரு தடவை அக்காவிடம் கேட்டேன். கடல் காத்துடா என்றாள். இன்னொரு தடவை கையில் துணி சுற்றியிருந்தாள். தோசைக்கல் சுட்டுவிட்டது என்றாள்.

சரி என்று விட்டுவிட்டேன். நம்பத்தான் எத்தனை சுலபமாக இருக்கிறது!

போன வாரத்துக்கு வருகிறேன். பாண்டிச்சேரியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை காலி. வயசு பரவாயில்லை, டெஸ்டில் தேறினால் போதும் என்றார்கள். பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்வாள், அக்கா குடும்பத்தோடு பாண்டிச்சேரிக்கே வந்துவிடலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்த தப்பைத் திருத்த ஆண்டவர் ஒரு வழி காட்டுகிறார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி மறுநாளே கொடுத்தாக வேண்டும். முதல் தடவையாக ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அதனால்தான் அந்த நாயோடு நடு ரோட்டில் நின்றது.

கடைத்தெருவுக்குள் நடந்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று முடிப்பதற்குள் தெரு முடிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் எடுக்கிற தெரு! வரிசையாகப் பூட்டு. நீல போர்டு அப்படியே இருந்தது. வெள்ளை எழுத்து மட்டும் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது.

வீட்டு வாசலில் மாமா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரிசியைக் கையால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றேன்.

அவர் முகம் நிமிர்ந்தது. பார்வை என் தோளைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"மச்சானா? இன்னைக்கு செவ்வாக்கிழமை ஆச்சே?"

வா என்று சொல்லவில்லை. உட்கார் என்று சொல்லவில்லை. அந்த மனுஷர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அக்கா எங்கே என்றேன். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். பிறகு கடைக்கு என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, பாவம். முறத்தைக் கீழே வைத்தார்.

கண் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்து, எழுத்து தெரியாமல் போயிற்றாம். வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே இப்படி ஆகிவிட்டது என்று அவர் சொன்னார். டாக்டர் வேறு என்னவோ சொன்னாராம். கணக்கு எழுத முடியாதவரை முதலாளி என்ன செய்வார்? ஆனாலும் இரக்கப்பட்டு, சனிக்கிழமை மட்டும் வந்து பெயர் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். பெயரெல்லாம்தான் மனப்பாடம் ஆயிற்றே.

பேரேட்டை அவர் பார்க்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா எங்க மாமா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"அளத்துல இருக்குது" என்றார். "போனதும் ஒண்ணும் கேட்டுடாதே மச்சான். பாவம் அது."

ஊரை ஒட்டியே உப்பளம் ஆரம்பித்துவிடுகிறது. பங்குனி வெயில். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வரப்பு, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பாத்திகளில் ஆண்கள் பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரிசையாக வரப்பின் மேல் நடந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். எல்லோரும் புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார்கள். தலையில் துண்டு. முகம் தெரியவில்லை. என் கூடப்பிறந்தவள் எவள் என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

அவளுக்கு என்னைத் தெரிந்தது. வரிசையில் நாலாவதாக வந்தவள் என்னைப் பார்த்தாள். நிற்கவில்லை. கூடையோடு நிற்க முடியாது, பின்னால் ஆள் வருகிறார்கள்.

"செருப்பைக் கழட்டிட்டு நில்லுடா. உப்புல மண்ணு ஒட்டும்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

கழற்றினேன். காலில் சுட்டது. அவள் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். மறுபடி அள்ளிக்கொண்டு போனாள். அப்படி எத்தனை நடை போனாளோ, அந்தப் பாத்தி முடிகிற வரைக்கும் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அன்றைக்கு அதுதான்.

வேலை விட்டதும் குட்டையில் கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். வெயிலுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று சொல்லலாம்தான், ஆனால் அவளிடம் எடுபடாது.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மாமாவுக்குக் கண் மங்கினதிலிருந்து என்றாள். சனிக்கிழமைகளில் மத்தியானமே வேலை விட்டுவிடும், நான் வருவதற்குள் குளித்துப் பூ வைத்துக்கொள்ள நேரம் இருக்கும் என்றாள். பிள்ளைகளிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் வந்தால் அளத்துப் பேச்சு எடுக்கக் கூடாது என்று. அந்த இரண்டு பொடிசுகளும் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லையே!

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

துண்டை உதறி மடித்தாள்.

"நீ வந்து பாத்து சொன்ன ஊருடா இது. இப்டின்னு தெரிஞ்சா நீ தாங்குவியா?"

சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து நீட்டினேன். டெஸ்ட் என்றைக்கு, என்ன வேலை, எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அவள் பொறுமையாகப் படித்தாள். மேலிருந்து கீழ் வரைக்கும், பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்தாள். முகத்தில் ஒரு நிமிஷம் பழைய அக்கா வந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் அவளைப் பாண்டிச்சேரியில் குடிவைத்தே முடித்துவிட்டேன்.

பிறகு அவள் ஃபாரத்தை மடியில் விரித்து, இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்தாள். டைப் அடிக்க வைப்பது போலவே வைத்தாள்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு வெளுத்திருந்தது. உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தாள். இடது கைச் சுண்டு விரல் மடங்கவில்லை. இன்னொரு தரம் முயற்சி செய்தாள். அது மடங்கவில்லை.

"'ஏ' எழுத்து அடிக்கிற விரலே வரலடா" என்றாள்.

ஒரு மாசம் எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்றேன். ஃபாரம் நாளைக்குக் கொடுக்க வேண்டும், டெஸ்ட் அடுத்த வாரம் என்று நானேதான் சற்று முன்னால் சொல்லியிருந்தேன். அவள் அதை எடுத்துக்காட்டவில்லை. ஃபாரத்தை ஈரம் படாமல் மடித்து என் பையிலேயே செருகினாள்.

"நம்ம தெருவுல சூசை மேஸ்திரி பொண்ணு லோயர் பாஸ் பண்ணிட்டு சும்மா இருக்குதே, அதுகிட்ட குடு. வீணாக்கிடாதே."

கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தோம். வழக்கம்போல இரண்டு தரம் நடக்கவில்லை. ஒரே தரம்தான். செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவில் பார்க்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. நீல போர்டுக்குக் கீழே வரும்போது நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. அவள் எட்டு வருஷமாகப் பார்த்துச் சலித்த போர்டு.

வீட்டில் கஞ்சி இருந்தது. துவையல் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை, மூணு பேரும் குடித்தோம். மாமா தன் கஞ்சியில் பாதியை என் தட்டில் ஊற்றப் பார்த்து, இடம் தெரியாமல் தரையில் ஊற்றிவிட்டார். அக்கா துடைத்தாள்.

பஸ்ஸுக்கு வந்து நின்றபோது, இதை எழுதப் போகிறாயா என்று கேட்டாள். என் பிழைப்பு அவளுக்குத் தெரியும். நீ வேண்டாம் என்றால் எழுதவில்லை என்றேன்.

"எழுது. பேரை மாத்திடு. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்." கொஞ்சம் யோசித்தாள். "அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. எழுது."

கடலூர் வாசகரே, உங்கள் கார்டுக்குப் பதில் இதுதான். ஜனத்தொகை என்பது ஓர் ஊரில் படுத்துத் தூங்குகிறவர்களின் கணக்கு. கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் வேறு கணக்கு. உப்பளத்தில் கடை இல்லை. பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்காரிக்கும், சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை குப்பத்துக்கும் கிராமத்துக்கும் இருப்பது இந்த ஒரு தெருதான். அத்தனை பேரும் ஒரே நாளில் வருகிறார்கள். கழுவிக் குளித்து, நல்ல துணி கட்டி, ஆறு நாளை மறைத்துக்கொண்டு வருகிறார்கள். வந்து இரண்டு தரம் நடக்கிறார்கள். பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்? அது பொய்யில்லை. அந்த மனிதர்கள் நிஜம், அந்தச் சந்தோஷமும் நிஜம்தான். ஒரு நாள் சந்தோஷம். நான்தான் அதை ஏழு நாள் என்று எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் சொன்னேன்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அக்கா கீழே நின்றாள். கையைப் புடவைக்குள் வைத்திருந்தாள்.

"சனிக்கிழமை வர்றியா?" என்றாள்.

"செவ்வாக்கிழமை வர்றேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"செவ்வாக்கிழமைன்னா கஞ்சிதான்டா இருக்கும்."

"இருக்கட்டும்க்கா."

பஸ் கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது, அவள் அந்த வெற்றுத் தெருவில் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

உங்களுக்கும் கட்டிக்கொடுத்த அக்கா தங்கை இருப்பார்கள். ஊரை வேண்டுமானால் சனிக்கிழமை பாருங்கள்... அவர்களைச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள்.